அம்மா விமானம் ஏறுமுன்: ஜெர்மனியில் டிவி பெட்டிக்கு நெட்வொர்க் அமைப்பது எப்படி?

ஊரிலிருந்து அம்மாவோ மாமனாரோ மூன்று மாத விசாவில் வருகிறார்கள். முதல் இரண்டு நாள் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதில் போய்விடும். மூன்றாம் நாள் மத்தியானம் கேள்வி வரும்: "ஏம்ப்பா, இங்க நம்ம டிவி வராதா?" அதற்குப் பிறகு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரி வரை தலைவலிதான். வருவதற்கு முந்தின வாரமே முடித்துவைக்க வேண்டிய வேலை இது.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். என் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலுமாக ஏழெட்டு முறை இதைச் செய்திருக்கிறேன். இங்கே பல வீடுகளில் இருப்பது பிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் என்பதால் அதன் எண்களையே சொல்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு எண்கள் மாறும், செய்யும் வரிசை மாறாது. அந்த வரிசைதான் முக்கியம். டிவி வரவில்லை என்றதும் எடுத்த எடுப்பில் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமைப்பு) கைவைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அது கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

எந்தப் பெட்டி

ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் டிடிஎச் பெட்டியைச் சூட்கேஸில் போட்டுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். அதற்கு வேண்டியது இன்டர்நெட் இல்லை, கூரையில் டிஷ். சன் டைரக்டுக்கான செயற்கைக்கோள் கிழக்கே 93.5 பாகையில் நிற்கிறது. பிராங்க்பர்ட்டிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை.

நமக்கு வேண்டியது வைஃபையில் ஓடும் ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி பெட்டி. ஃபயர் டிவி ஸ்டிக்கும் சரிதான். ஆன்லைனில் முப்பது யூரோவுக்கு, பெயரே தெரியாத கம்பெனியின் பெட்டி கிடைக்கும். அதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது கஞ்சத்தனத்தைக் கிண்டல் செய்ய இல்லை. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐ, நாட்டுக்குள் 30,000 வரையிலான கருவிகளின் ரகசியத் தொடர்பைத் துண்டித்தது. டிவி பெட்டிகளும் டிஜிட்டல் போட்டோ பிரேம்களுமாக இருந்த அந்தக் கருவிகளில், விற்பனைக்கு வரும்போதே பேட்பாக்ஸ் என்ற தீநிரல் ஏற்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் இதே ரகப் பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. உங்கள் வீட்டு இணைப்பை யாரோ எங்கிருந்தோ தங்கள் திருட்டு வேலைக்குப் பயன்படுத்துவார்கள், போலீஸ் கடிதம் உங்கள் பெயருக்கு வரும்.

கையில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தால், பிளே ஸ்டோரைத் திறந்து செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைப் பாருங்கள். 'டிவைஸ் இஸ் சர்டிஃபைட்' என்று இருந்தால் நிம்மதி.

"ஒரு தடவை காசு, ஆயுசுக்கும் ஆயிரம் சேனல்" என்று தமிழ்க் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாத ஒளிபரப்புகளுக்கு வழி போட்டுவைத்த பெட்டியை விற்பது காப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்தது. தெரிந்தே அதில் பார்ப்பவருக்கும் அந்தத் தீர்ப்பில் பாதுகாப்பு இல்லை. சட்டத்தை விடுங்கள், அந்த ஆயுசு பெரும்பாலும் ஆறு மாதம்தான்.

கம்பியா, காற்றா

டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். மலிவான பெட்டிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான் தரும், அதுவே தாராளம். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கே முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ்தான். ஸ்டிக் வகைக் கருவிகளில் லேன் துளை இருக்காது, தனியாக ஒரு அடாப்டர் வாங்க வேண்டும்.

ரவுட்டர் நடைவழியிலும் டிவி கடைசி அறையிலும் இருக்கிறதா? வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். இங்கத்திய கான்கிரீட் சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸைக் குடித்துவிடும். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸே நின்று வேலை செய்யும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். மின்சார வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அற்புதமாக ஓடும். சில வீடுகளில் மைக்ரோவேவ் போட்டதும் படுத்துவிடும். திருப்பித் தர முடிகிற கடையில் வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய பெட்டியா? அதற்கென்று ஒரு தனி நோய் உண்டு. போனில் முழுக் கோடு காட்டும் வைஃபை, பெட்டியின் பட்டியலில் இருக்கவே இருக்காது. காரணம் இதுதான்: ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 வைஃபை சேனல்கள் (டிவி சேனல் இல்லை, வைஃபை ஓடும் தடங்கள்) உண்டு, அமெரிக்கப் பெட்டிகள் 11 வரைக்கும்தான் தேடும். ரவுட்டர் தானாக 13இல் போய் நின்றுகொண்டால் பெட்டியின் கண்ணில் படாது. ரவுட்டருக்குள் போய் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாகக் கட்டிவையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை பாதுகாப்பு. 52 முதல் மேலே உள்ளவை ரேடாரோடு பங்கு போடும் சேனல்கள். ரேடார் சமிக்ஞை கேட்டால் ரவுட்டர் சட்டப்படி வேறு சேனலுக்கு ஓடியாக வேண்டும். சீரியல் நடுவில் காரணமே இல்லாமல் படம் நின்று ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, பெட்டியையும் அம்மாவின் போனையும் ஒரே வைஃபையில் சேருங்கள். விருந்தினர் வந்திருக்கிறார் என்று போனை கெஸ்ட் வைஃபையில் போட்டுவிட்டுப் பெட்டியை வீட்டு வைஃபையில் வைத்தால், போனில் பார்ப்பதை டிவிக்குத் தள்ள முடியாது. பிரிட்ஸ்பாக்ஸில் வீட்டு நெட்வொர்க் 192.168.178 என்று தொடங்கும், கெஸ்ட் 192.168.179. இரண்டும் அடுத்தடுத்த தெரு, நடுவில் சுவர்.

முகவரி வந்ததா

இப்போது ரிமோட்டை எடுங்கள். செட்டிங்ஸ், அதில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் நீங்கள் சேர்ந்திருக்கும் வைஃபையின் பெயர். உள்ளே ஐபி அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும். மேலே போகுமுன் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐபி அட்ரஸ் பெட்டியின் கதவு எண். கேட்வே தெருமுனை, வெளியே போகிற எதுவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வீட்டில் அது ரவுட்டர். டிஎன்எஸ் தெருமுனை டீக்கடைக்காரர் மாதிரி. நீங்கள் ஆள் பெயரைச் சொன்னால் அவர் வீட்டைக் கைகாட்டுவார். இந்த மூன்றையும் ரவுட்டரே தானாகப் பெட்டிக்குக் கொடுத்துவிடும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. புதுப்பெட்டியில் அதுதான் இருக்கும், அப்படியே விடுங்கள்.

ஐபி வரியில் 192.168.178க்குப் பின்னால் ஏதோ ஓர் எண் தெரிந்தால் பெட்டியும் ரவுட்டரும் கைகுலுக்கியாயிற்று. 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கும் எண்ணோ தெரிந்தால் ரவுட்டர் முகவரி தரவில்லை. பாஸ்வேர்டு தவறாக இருக்கும், அல்லது கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது புதுக் கருவிகளைச் சேர்க்காதே என்று ரவுட்டரில் யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள். இங்கே வைஃபை பாஸ்வேர்டு பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் இருபது இலக்க எண். ரிமோட்டில் அடிக்கும்போது ஒன்று விட்டுப்போவது சகஜம். நாலு நாலாகப் பிரித்துச் சொல்ல ஒருவரும் அடிக்க ஒருவருமாக உட்காருங்கள்.

முகவரி இருக்கிறது, ஆனால் 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்கிறதா? உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பெட்டியை அதில் சேருங்கள். அதில் டிவி ஓடினால் பெட்டியில் குறை இல்லை, ரவுட்டரின் செட்டிங்ஸைப் பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால் பெட்டிக்குள்தான் கோளாறு. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மாணவர் விடுதியிலோ ஹோட்டலிலோ இருப்பவர்களுக்கும் இதேதான் வழி. அங்கே வைஃபையில் சேர்ந்ததும் ஒரு லாகின் பக்கம் வரும், பல பெட்டிகளால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது.

ஸ்டாடிக் ஐபி: தேவைப்பட்டால் மட்டும்

யூடியூபில் பார்த்துவிட்டு "ஸ்டாடிக் போட்டால் வேகம் கூடும்" என்பார்கள். கூடாது. கதவு எண்ணை நிரந்தரமாக்கினால் வீட்டுக்குப் போகும் சாலை அகலமாகிவிடுமா? பெட்டியின் டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அப்போதுதான் ஸ்டாடிக் தேவை, ஏனென்றால் ஆண்ட்ராய்டு டிவியின் ஐபி செட்டிங்ஸில் டிஎச்சிபியிலிருந்து ஸ்டாடிக்குக்கு மாறினால்தான் டிஎன்எஸ் கட்டத்தையே காட்டும்.

'ஐபி செட்டிங்ஸ்' போய் 'ஸ்டாடிக்' என்று கொடுத்ததும் ஒவ்வொரு திரையாகக் கேட்கும். கட்டத்தில் மங்கலாக 192.168.1.128 என்று ஒரு மாதிரி எண் தெரியும். அதைத்தான் பலர் அப்படியே அடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுத் தெரு 192.168.178 என்றால் பெட்டி வேறு ஊரில் போய் நிற்கும். பிரிட்ஸ்பாக்ஸ் தானாகக் கொடுப்பது 20 முதல் 200 வரை. அதனால் அதற்கு வெளியே 192.168.178.210 என்று போடுங்கள், வேறு கருவிக்கு அதே எண் போய்ச் சண்டை வராது. கேட்வே 192.168.178.1. அடுத்து 'நெட்வொர்க் பிரிஃபிக்ஸ் லெங்த்' என்று பயமுறுத்தும், 24 என்று அடியுங்கள். கம்ப்யூட்டரில் 255.255.255.0 என்று பார்த்திருப்பீர்களே, அதைத்தான் இங்கே 24 என்று சுருக்கிச் சொல்கிறார்கள். டிஎன்எஸ் ஒன்றுக்கு கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் 1.1.1.1, இரண்டுக்கு கூகுளின் 8.8.8.8. முடிந்தது.

வேறு ரவுட்டர் என்றால் கேட்வே மாறும். லண்டனில் பிடி ஹப் வைத்திருப்பவர்களுக்கு 192.168.1.254, விர்ஜின் மீடியாவுக்கு 192.168.0.1. ஊகிக்க வேண்டாம், டிஎச்சிபியில் இருக்கும்போதே அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு ஸ்டாடிக்குக்குப் போங்கள்.

கடிகாரம்

போன வருஷம் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது. வைஃபை முழுக் கோடு, ஐபி சரி, போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டாலும் அதே கதை. எந்த ஆப்பைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நண்பரின் அம்மா சோபாவில் உட்கார்ந்து, "பெட்டி பழுதுப்பா, விடு, நான் போன்லயே பாத்துக்கறேன்" என்று எனக்காகப் பரிதாபப்பட்டார். நானும் இரண்டு டிஎன்எஸ் மாற்றி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, ஒரு மணி நேரத்தைத் தொலைத்த பிறகுதான் திரையின் மூலையில் மணி தவறாக இருப்பதைப் பார்த்தேன். உள்ளே போனால் தேதி அடுத்த வருஷத்தில் நின்றது. அவர்களுடைய பையன், ஒரு விளையாட்டில் காத்திருக்கும் நேரத்தைக் குறுக்கத் தானியங்கித் தேதியை அணைத்துவிட்டுக் கையால் முன்னே தள்ளியிருந்தான்.

ஆப்புகள் எல்லாம் சர்வரின் சான்றிதழைப் பார்த்த பிறகே பேசத் தொடங்கும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. பெட்டியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் "இது செல்லாது" என்று கதவைச் சாத்திவிடும். நமக்கு வட்டம் மட்டும் தெரியும். பல பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது, பிளக்கைப் பிடுங்கினாலே பழைய தேதிக்குப் போய்விடும். ஆகவே செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் 'டேட் அண்ட் டைம்', அதில் தானியங்கி. டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அங்கேயே டைம் ஸோனும் இருக்கும். நான் அம்மாவின் பெட்டியில் 'கொல்கத்தா' என்று வைத்துவிட்டேன். உள்ளே ஓடும் உலகப்பொது நேரம் மாறாததால் சான்றிதழுக்குத் தொந்தரவில்லை. ஊரில் இரவு 8 மணிக்கு வருவது இங்கே குளிர்காலத்தில் மத்தியானம் 3:30, மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 4:30. இந்தக் கணக்கை அம்மா தலையில் ஏற்றுவதைவிட, திரையில் 8 என்று காட்டிவிடுவது எளிது.

டிஎன்எஸ், நாடு, ஒரு பொய் வாக்குறுதி

ரவுட்டர் கொடுத்த டிஎன்எஸ் மெதுவாக இருந்தாலோ, சில ஆப் மட்டும் திறந்து சில திறக்காமல் இருந்தாலோ மேலே சொன்ன எண்களைப் போட்டுப் பாருங்கள். பலன் இருந்தால் உடனே தெரியும். மாற்றியும் ஒன்றும் அசையவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ரவுட்டர் ஐபிவி6 என்ற புதுவகை முகவரி முறை வழியாகவும் தன் டிஎன்எஸ்ஸைக் கொடுத்துக்கொண்டிருக்கும், பெட்டி அதைக் கேட்கும். அல்லது சில கருவிகள் நாம் போட்டதை மதிக்காமல் 8.8.8.8ஐயே போய்க் கேட்கும்.

ஆனால் பலரும் டிஎன்எஸ்ஸைத் தேடுவது இதற்காக இல்லை. "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வருவதை நீக்கத்தான். டீக்கடைக்காரரை மாற்றினால் உங்கள் வீடு வேறு ஊருக்குப் போய்விடாது. சேவைகள் பார்ப்பது உங்கள் இணைப்பின் வெளி முகவரியை, அது ஜெர்மனி என்றால் ஜெர்மனிதான். 'ஸ்மார்ட் டிஎன்எஸ்' என்று காசுக்கு விற்பவர்கள் செய்வது வேறு: குறிப்பிட்ட சில பெயர்களைக் கேட்டால் மட்டும் உண்மையான வீட்டுக்குப் பதிலாகத் தங்கள் இடைத்தரகர் வீட்டைக் காட்டுவார்கள், அவர் உங்களுக்காக உள்ளே போய் வாங்கி வருவார். பெரும்பாலான சேவைகளின் விதிமுறைக்கு இது முரண். சேவை கண்டுபிடித்துவிட்டால் அன்றோடு நின்றுபோகும். அதைவிட என் கவலை, முன்பின் தெரியாதவரின் டிஎன்எஸ்ஸைப் போட்டால் உங்கள் பெட்டி எங்கெங்கே போகிறது என்பதெல்லாம் அவர் கண்முன் நடக்கும், தப்பான வீட்டையும் அவரால் காட்ட முடியும். டெலிகிராமில் யாரோ அனுப்பிய டிஎன்எஸ் எண்ணைத் தயவுசெய்து போடாதீர்கள்.

நேர்வழியே இப்போது போதுமான அளவு அகலம். தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக இலவசமாக வருகின்றன. சீரியலுக்கு சன் நெக்ஸ்ட் வெளிநாட்டுச் சந்தா தருகிறது. ஊரில் அப்பா கட்டிய இந்தியச் சந்தா இங்கே ஓடும் என்று நம்பி உட்காராதீர்கள், இங்கிருந்தே திறந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஆப்பே பிளே ஸ்டோரில் தெரியவில்லை என்றால் நெட்வொர்க்கைக் குடையாதீர்கள். அம்மாவின் கூகுள் கணக்கில் நாடு இந்தியா என்று இருக்கும். அதை வருஷத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், மூன்று மாத வருகைக்காக மாற்றுவது வீண். பெட்டியில் உங்கள் கணக்கைப் போடுங்கள்.

ஜெர்மனியில் காசு கட்டிப் பார்க்கும் சந்தாவோடு பாரிஸில் உள்ள சித்தி வீட்டுக்குப் போகிறீர்களா? 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தற்காலிகமாகப் போகும் இடத்திலும் கட்டணச் சேவைகள் வீட்டில் போலவே ஓட வேண்டும் என்பது சட்டம். சூரிச்சில் மாமா வீடு என்றால் அந்தச் சட்டம் கிடையாது, சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டனுக்கும் 2021 முதல் இல்லை.

அம்மா கையில் கொடுக்குமுன்

ஒரு முழு மாலை ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் நின்று நின்று வந்தால் பெட்டியிலேயே ஸ்பீட் டெஸ்ட் ஆப் போட்டு அளங்கள், போனில் அளந்த வேகம் டிவி மூலைக்குப் பொருந்தாது. பெட்டியை டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் வெளியே எடுத்து ஓரமாக வையுங்கள், ஸ்டிக் என்றால் கூடவே வரும் சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்பை மாட்டுங்கள். டிவியின் உலோகமே வைஃபையை மறைக்கும். கைப்பிடி அகலம் நகர்த்தியதில் வேகம் இரட்டித்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியென்றால் ஸ்டாடிக் திரையையோ டிஎச்சிபி திரையையோ ஒரு படம் எடுத்து உங்கள் போனில் வையுங்கள், அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டால் அது வேண்டியிருக்கும். ரிமோட்டில் அவர் தொட வேண்டிய நாலு பொத்தானுக்கு மட்டும் கலர் ஸ்டிக்கர். ஒரு காகிதத்தில் தமிழில் பெரிதாக எழுதி டிவி மேசையில் ஒட்டுங்கள்: படம் நின்றால் ஐந்து நிமிடம் பொறுக்கவும், வராவிட்டால் பெட்டியின் பிளக்கை மட்டும் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகவும். நடைவழியில் விளக்கு மினுக்கும் வெள்ளைப் பெட்டியைத் தொட வேண்டாம் என்பதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். அதை அம்மா பிடுங்குகிற நேரத்தில்தான் பக்கத்து அறையில் உங்கள் மனைவி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பார்.